நீர்ப்பூ முள் சூடிய கதை

அந்தக் காலத்தில், மாடும் செடியும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, நீர்முள்ளிக்கு முள் கிடையாது. பெயரும் நீர்ப்பூதான். மெத்தென்ற இலையும் ஊதாப் பூவுமாக ஏரி ஓரத்தில் நின்றாள்.

அவளுக்கு ஒரே குறை, பிள்ளை தங்கவில்லை. விதை முற்றியதும், "நான் தண்ணீர்ச் செடி. என் பிள்ளைக்கும் தண்ணீர்தானே வேண்டும்" என்று அத்தனையையும் ஏரிக்குள்ளேயே உதிர்த்துவிடுவாள். பாதி ஆழத்தில் அழுகும். மீதி, மடை திறந்ததும் வாய்க்காலோடு போய்விடும்.

ஒரு வருஷம் பூச்சி விழுந்து எல்லாம் வீணானது. விதை முற்றிக் காய்ந்த ஒரே ஒரு நெற்று மிஞ்சியது. அவளுக்கும் வேர் தளர்ந்துவிட்டது, இனி காய்ப்பாள் என்று நிச்சயமில்லை. நெற்றை இலைக்குள் பொத்திக்கொண்டு நடுங்கினாள்.

தண்டில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தை கேட்டது: "காத்தே இல்ல, எதுக்குடி இந்த ஆட்டம்?"

"இதை விட்டாலும் பயமா இருக்கு, வெச்சிருந்தாலும் பயமா இருக்குக்கா."

"அட பைத்தியமே! தண்ணி வேற, ஈரம் வேற. பச்சைப் பிள்ளைக்கு யாராவது ஏரி நடுவுல தொட்டில் கட்டுவாங்களா? கரைச் சேத்து மேல போடு. புதைச்சிடாத, வெளிச்சம் படணும்."

"மழை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சுன்னா?"

"அதுக்குத்தான் என் கோழை இருக்கே. ஊரே மூஞ்சியைச் சுளிக்கிற சாமான். உனக்கு ஆகும்னா எடுத்துக்கோ."

நீர்ப்பூ கண்ணை மூடிக்கொண்டு கரைப்பக்கம் சாய்ந்தாள். நெற்று பிளந்தது. சேற்றில் விழுந்த விதைகள் மேல் நத்தை நிதானமாக ஊர்ந்து போனது. அடுத்த நாளே பெருமழை. விதைகளோ கஞ்சிப் பருக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. மழை விட்டதும் பச்சை பச்சையாக முளை எட்டிப் பார்த்தது.

எருமையும் எட்டிப் பார்த்தது. "அடடே, இளங்கீரை! கொஞ்சம் தள்ளு தாயி."

"அதெல்லாம் என் பிள்ளைங்க. ஏரியைச் சுத்திப் புல்லு கிடக்கு, போய் மேயுங்க."

"போகலேன்னா என்ன பண்ணுவே? குத்துவியா? உன்னைப் பார்த்தாலே தூக்கம் வருது, பஞ்சு மெத்தை மாதிரி இருக்கே!" எருமை வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, தலையைக் குனிந்தது.

ஓட நீர்ப்பூவுக்குக் கால் இல்லை, அடிக்கக் கை இல்லை. இருந்தது இலைதான். ஈரமே உயிரான அவள், தன் இலைகளில் ஓடிய ஈரத்தை எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே இழுத்தாள். கணுவுக்குக் கணு இலைகள் சுருண்டன, மஞ்சளித்தன, இறுகிக் கூராயின. அப்படியே முளைகள் மேல் கவிழ்ந்தாள்.

"ஐயய்யோ, என் மூக்கு!"

எருமை பாய்ந்து ஏரிக்குள் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்றுதான் திரும்பிப் பார்த்தது.

"பசி ஆறிடுச்சா எருமையக்கா?" என்றாள் நீர்ப்பூ. குரலில் நடுக்கமே இல்லை. காலடியில் முளைகள் ஒவ்வொன்றும் அம்மாவைப் பார்த்துத் தானும் ஒரு குட்டி முள்ளை நீட்டிக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான் அவளை எல்லோரும் நீர்முள்ளி என்கிறார்கள். அவள் விதை நனைந்தால் கோழை கட்டி, விழுந்த மண்ணை விடாமல் பிடித்துக்கொள்கிறது. கணுதோறும் ஊதாப் பூவைச் சுற்றி முள் காவல் நிற்கிறது. எவ்வளவு பெரிய எருமையானாலும் ஒதுங்கித்தான் போகிறது.