உலகம்மை செதுக்கிய கிளி

“அம்மா, நீங்க சொன்ன நாமத்தை நாற்பது நாள் சொல்லிப் பாத்துட்டேன். மனசு ஆற மாட்டேங்கு” என்றார் நல்லபெருமாள் ஆசாரி.

தவசியம்மா அவரைவிட இருபது வயசு இளையவள். நாணலாற்றங்கரையில் மடம். கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவள் அகப்பையை வைத்தாள்.

“எது உறுத்துது?”

“ஒரு கதவு.”

ஆற்றுக்கு ரயில் பாலம் கட்டின காலம் அது. இரும்புப் பாலம் இல்லை, முழுக்க கான்கிரீட் வளைவு. ‘களி கிண்டி ஊத்துன மாதிரி இருக்கு, இதுமேல ரயில் போவுமாக்கும்’ என்று ஊரே சிரித்தது. கான்கிரீட் ஊற்ற வளைவுக்கு அடியில் பலகை அடிக்கிற வேலை ஆசாரிக்கு. கடைசி வளைவில் பலகை பத்தவில்லை. வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

“அதுல என் வீட்டுக்காரி உலகம்மை ஒரு கிளி செதுக்கியிருந்தா. ‘ஆசாரி வீட்டுக் கதவுல ஒரு பூ கூட இல்லையே’ன்னு என் உளியை எடுத்து அவளே செதுக்குனது. கோணக் கிளி. கோழின்னுதான் கேலி பண்ணுவேன்.”

“கதவு எங்க?”

“கான்கிரீட் இறுகுனதும் பலகையெல்லாம் பிரிச்சு விறகாப் போயிட்டு. அன்னைக்கு நான் காய்ச்சல்ல கிடந்தேன். ‘உங்க கோழி வெந்துட்டாக்கும்’னு ஒரே ஒரு தடவ கேட்டா. அதுக்கப்புறம் நான் அந்தப் பாலத்துப் பக்கமே போகல. போன தையில அவளும் போயிட்டா. அவ கை பட்டதுன்னு எங்கிட்ட ஒண்ணுமில்ல.”

“பலகை அடிக்கையில கிளி எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“மேல்பக்கம். கீழ இருந்து மேஸ்திரி பாத்தா சிரிப்பாரேன்னு மறைச்சு அடிச்சேன்.”

“மேல என்ன ஊத்துனீங்க?”

“கான்கிரீட்டு” என்ற ஆசாரி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

தவசியம்மா எழுந்து நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

கடைசி வளைவு கரையில் வந்து இறங்குகிற இடம். குனிந்துதான் போகவேண்டும். கான்கிரீட் முழுக்க, அன்று அடித்த பலகைகளின் மர ரேகை பதிந்திருந்தது. ஒரு கணு. ஓர் ஆணித் தலை.

தவசியம்மா அவர் கையைப் பிடித்து ஓரிடத்தில் வைத்தாள்.

வளைந்த அலகு. கோண வால். இடம் வலமாக மாறி, புடைத்துக்கொண்டு நின்றது.

மேலே தடதடவென்று ரயில் போனது. ஆசாரி கையை எடுக்கவில்லை.

“தினமும் பாக்கேன், என்ன பறவைன்னு பிடிபடல. கோழியா ஆசாரியாரே?”

ஆசாரி நெற்றியைக் கான்கிரீட்டில் சாய்த்தார்.

“கிளிதான்ளா, உலகம்மை. கிளிதான்.”