மருதமரத்து வீட்டைத் தேடிய இருவாச்சி

ஒரு காட்டில் பனி குறைந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம், இருவாச்சிப் பறவை ஜோடி ஒன்று முதல்முறையாகச் சொந்த வீடு தேடிப் புறப்பட்டது. கணவன் பெயர் கொம்பையா. மனைவி பெயர் சிலம்பாயி.

குழந்தைகளே, இருவாச்சிக்கு வீடு என்றால் மரப்பொந்து. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை உள்ளே போய் உட்கார்ந்து, வாசலைச் சேறு பூசி அடைத்துவிடும். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே இருக்கும்போதே அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். புதிதாக முளைக்கும்வரை பறக்க முடியாது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அதனால், வீடு சரியில்லை என்று பாதியில் கிளம்பி வர வழியே கிடையாது.

கொம்பையாவின் மனதில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அது பிறந்த வீடு. ஓடைக்கரை மருதமரத்தில், கிழக்குப் பார்த்த பொந்து. காலையில் கீறல் வழியாக ஒரு கோடு வெயில் உள்ளே விழும். அம்மாவின் அலகில் பட்டு அந்தப் பொந்தே மஞ்சளாகிவிடும். அப்பா பழத்தோடு வந்தால் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். கடக், கடக்.

அந்த மருதமரம் ஒரு புயலில் விழுந்தது. ஓடை அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கொம்பையா இன்னும் கொஞ்சம் தாழ்வாகத்தான் பறக்கும்.

அந்த வருடம் காட்டில் அத்திப்பழம் குறைவு. வீடும் பார்க்க வேண்டும், ஊட்டுவதற்குப் பழமும் கடனாக வாங்க வேண்டும்.

முதலில் மரங்கொத்தியிடம் போயின. அது ஒரு வேங்கை மரத்தைத் தட்டிக் காட்டியது.

"தரை கெட்டி. ஆனா மேற்குப் பக்கம் ஒரு வெடிப்பு இருக்கு. சாரல் அடிச்சா சொட்டும். வாசல் வடக்கே பார்த்தது, வெயில் வராது."

"நல்லதா நாலு வார்த்தை சொல்ல மாட்டியா அண்ணே?" என்று கேட்டது கொம்பையா.

"தரை கெட்டின்னு சொன்னேனே," என்றது மரங்கொத்தி.

அடுத்து, அத்திமரத்துக்காரனான மலையணிலிடம் போயின.

"பத்துப் பழம் தந்தா பன்னிரண்டாத் திருப்பணும். அடுத்த காய்ப்புக்குள்ள. தவறினா என் மரத்துப் பக்கமே வரக் கூடாது. சம்மதமா? இல்லேன்னா வழியை விடு, எனக்கு வேலை கிடக்கு."

கொம்பையாவின் முகம் வாடிவிட்டது. "முதல்முதலா வீடு பார்க்க வந்திருக்கோம். ஒருத்தன் ஓட்டையைச் சொல்றான், ஒருத்தன் வட்டியைச் சொல்றான். உட்காருன்னு சொல்ல ஆளில்லை."

அப்போது பக்கத்துக் கிளையில் வாலை ஆட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது கரிச்சான். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டும் குருவி அது.

"வீடு கிடக்கட்டும் மாமா. நீங்க பொறந்த வீடு எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல!"

கொம்பையாவிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை. மருதமரம், ஓடை, கிழக்கு வாசல், மஞ்சள் வெளிச்சம், அப்பாவின் தட்டல் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தது.

"அட! அதே மாதிரி ஒண்ணு உங்களுக்காகவே காத்துக் கிடக்கு மாமா."

கரிச்சான் இருவரையும் ஓடைக்கரையில் நின்ற ஒரு பழைய இலவமரத்துக்கு அழைத்துப் போனது. கிழக்குப் பார்த்த பொந்து. உள்ளே மெத்தைபோலச் சருகு பரப்பியிருந்தது. கரிச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடக், கடக்" என்றது.

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பழத்துக்கும் ஆள் இருக்கு. நம்ம சிநேகிதர்தான்," என்றது கரிச்சான்.

மரத்துக்குப் பின்னாலிருந்து மரநாய் வந்து நின்றது. "உங்ககிட்ட வட்டி வாங்குவேனா? பிணையும் வேண்டாம். வேணுங்கிற பழத்தை எடுத்துக்குங்க. ஆனா இந்த வீட்டை எடுத்தாத்தான் தருவேன்."

"அதில் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டது சிலம்பாயி.

"உங்க சந்தோஷம்தான், தாயி," என்று சொல்லி உதட்டை நக்கிக்கொண்டது மரநாய்.

"நான் போய்ச் சேறு கொண்டுவரட்டுமா?" என்று பறந்தது கொம்பையாவின் மனசு.

"கொஞ்சம் இருங்க," என்றது சிலம்பாயி. "எங்க அம்மா வீடு எப்படி இருந்துச்சுன்னு யாருமே கேக்கலையே!"

"சொல்லுங்க அத்தை, சொல்லுங்க!" என்று துள்ளியது கரிச்சான்.

"எங்க வீட்டுத் தரையில பெருசா ஒரு ஓட்டை. கீழேயிருந்து சிலுசிலுன்னு காத்து வரும். அப்படி ஓட்டை இல்லாத வீட்டுல எனக்கு உட்காரவே பிடிக்காது."

"உங்க அம்மா வீட்டுலயா? தரையிலயா?" என்று வாயைத் திறந்தது கொம்பையா. சிலம்பாயி அதன் காலை மிதித்தது.

கரிச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "அடடா, முதல்லயே சொல்லக் கூடாதா அத்தை? இதுலயும் இருக்கு! நான்தான் பாடுபட்டு மூடி வெச்சேன்!" என்று சருகையெல்லாம் உதைத்துத் தள்ளியது.

தரை நடுவில், ஒரு முட்டை சுலபமாக உருண்டு போகிற அளவுக்கு ஓட்டை. இரண்டும் எட்டிப் பார்த்தன. நேர் கீழே, வேர்களின் நடுவில், மரநாயின் படுக்கை. அதைச் சுற்றிலும் உடைந்த முட்டை ஓடுகள்.

"டேய் கரிச்சான், வாயை மூடுடா!" என்று கத்தியது மரநாய். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

கொம்பையா கரிச்சானைப் பார்த்து, "அந்தத் தட்டல் உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டது.

"நீங்கதானே மாமா இப்போ சொன்னீங்க," என்றது கரிச்சான்.

இரண்டும் வேங்கை மரத்துக்கே திரும்பின. மலையணில், "பன்னிரண்டு, ஞாபகம் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பழத்தை எண்ணிக் கொடுத்தது.

சிலம்பாயி உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டது. கோடை மழையில் மேற்கு மூலை சொட்டியது. மரங்கொத்தி சொன்னது சொன்னபடியே. சிலம்பாயி முணுமுணுத்துக்கொண்டு இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது. வெளியே பழத்தோடு வரும் கொம்பையா, ஒவ்வொரு முறையும் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டியது. குஞ்சு பொரிந்தது, சிறகு முளைத்தது, வெளியே பறந்தது. அடுத்த காய்ப்பில் கடனும் அடைந்தது.

குஞ்சு பெரிதாகித் தனக்கென்று வீடு தேடும் காலம் வந்தபோது, தன் ஜோடியிடம் சொன்னதாம்: "எங்க வீட்டுல மழை பேஞ்சா மேற்கு மூலையில சொட்டுச் சொட்டா விழும். அந்தச் சத்தத்துல தூங்கின தூக்கம் அப்புறம் எங்கயும் வரலை."

நீதி: உன் ஆசையை உன்னிடமே திருப்பிச் சொல்பவனை நம்பி வீடு வாங்காதே; குறையையும் வட்டியையும் முதலிலேயே சொல்பவனைத் தேடிப் போ.