பன்னிரண்டு பாட்டும் சொர்ணலிங்கமும்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் சொர்ணலிங்கத்தின் கதைகளைக் கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். நம்பியவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் அன்றைக்கு அவர் பாரிஸிலிருந்து ஆளை இறக்கியிருந்தார்.

வந்தவர் பெயர் பூபாலப்பிள்ளை. பாரிஸில் தமிழர் கடைத்தெருவான லாசப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகனுக்கும் சொர்ணலிங்கத்தின் மகளுக்கும் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் வீட்டில் முடிவு சொல்வதாக ஏற்பாடு. அதற்கு முன் தன் மதிப்பை ஒருமுறை காட்டிவிட வேண்டுமென்று, சேவ் எடுக்கிற சாட்டில் மனிதரைத் தயாளனின் சலூனுக்குக் கூட்டிவந்தார் சொர்ணலிங்கம்.

கதிரையில் ஏற்கெனவே சுகிர்தா இருந்தாள். நாற்பத்தொரு வயது. ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய தலை. மூன்று கிழமைக்கு ஒருக்கால் வந்து பிடரியை வழித்துக்கொண்டு போவாள். கழுத்துவரை துணி போர்த்தித் தலையைக் குனிந்திருந்ததால் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு ஆணா பெண்ணா தெரியாது. அவளுக்கு மட்டும் கண்ணாடியில் எல்லாரும் தெரிந்தார்கள்.

சலூன் யன்னலில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. உள்ளே வந்ததும் வராததுமாகச் சொர்ணலிங்கம் அதைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தியளே சம்பந்தி? வாற வெள்ளி வெளிவருது. ரெண்டு இசைத்தட்டு. பன்னிரண்டு பாட்டு. லண்டன் கராஜ்!"

"கராஜோ? வாகனம் திருத்துற இடமே?" என்றார் பூபாலப்பிள்ளை.

"இல்லையப்பா, இது பாட்டு. தொண்ணூறுகளிலை மொட்டைமாடியிலை ஏரியலைக் கட்டி, களவு ரேடியோ நடத்தின காலத்துப் பாட்டு. மேளம் ஒரு அடி வைக்கும், அடுத்த அடியை விழுங்கும். அடியிலை பேஸ் எண்டொரு சாமான் உறுமும் பாருங்கோ, நெஞ்சுக்கூடு திறந்து மூடும். அதைத் தொடக்கி வைச்சதே நான்தான்."

கண்ணாடிக்குள் தயாளனின் கண்ணும் சுகிர்தாவின் கண்ணும் சந்தித்துக்கொண்டன. அந்தச் சுவரொட்டியைக் கொண்டுவந்து தந்தவளே சுகிர்தாதான். அந்த இசைத்தட்டைத் தொகுத்தவளும் அவள்தான். 'ஒன்பதாம் மாடி' என்று பெயர் வைத்து, வீட்டுப் பின்னறையில் ஒரு சின்ன இசைத்தட்டு வெளியீட்டகம் நடத்துகிறாள். தயாளன் வாயைத் திறக்கப் போனான். அவள் துணிக்குள்ளிருந்து விரலை நீட்டி வேண்டாமென்று ஆட்டினாள்.

அவளுக்குக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. மாதத்துக்கு மூன்று பழைய பாட்டுத் தொகுப்பு வருகிற காலம். எல்லாவற்றின் உறையிலும் 'தொலைந்துபோன பொக்கிஷம்' என்று போட்டிருக்கும். அதில் பாதிப் பாட்டு தொலைந்ததற்குக் காரணம், செய்தவனே வெட்கப்பட்டு ஒளித்துவைத்தது. அப்படிப்பட்ட புளுகுகளோடு பழகியவள் அவள். ஒரு தமிழ்ப் புளுகைக் கேட்டால் என்ன?

"ஸ்ட்ராட்ஃபோர்டிலை இருபத்திரண்டு மாடிக் கட்டடம்," என்று சொர்ணலிங்கம் தொடங்கினார். "உச்சியிலை என்ரை ஏரியல். மனிசியின்ரை கூறைச்சீலையாலை கட்டினது."

"உங்கடை மனிசி அப்ப கொழும்பிலை எல்லோ?" என்றான் தயாளன், கத்தரியை நிறுத்தாமல்.

"சீலை முதல் வந்தது. மனிசி பிறகு வந்தவ. குறுக்கை கதையாதையும். ஒருநாள் அரசாங்க ஆக்கள் வந்து ஏரியலைக் கழட்டிக்கொண்டு போட்டினம். கீழை முழு நியூஹாமும் ரேடியோவைத் திருகிக்கொண்டு நிக்குது. நான் என்ன செய்தன்? வயரின்ரை நுனியைப் பல்லாலை கடிச்சுக்கொண்டு, கையிலை ஒரு முள்ளுக்கரண்டியைப் பிடிச்சுக்கொண்டு, மதிலிலை ஏறி நிண்டன். நானே ஏரியல்! மூண்டு மணித்தியாலம் என்ரை உடம்பாலை பாட்டுப் போனது. இண்டைக்கும் வாயைத் திறந்தா எனக்குப் பல்லுக்குள்ளை ட்ராஃபிக் நியூஸ் கேக்கும்."

"அதுதான் மூடுறேல்லைப் போலை," என்றான் தயாளன்.

சுகிர்தாவின் தோள் குலுங்கியது. "ஆடாதேங்கோ, காது போயிடும்," என்று தயாளன் அவள் தலையைப் பிடித்தான்.

"அந்தத் தம்பி சிரிக்கிறார்," என்றார் சொர்ணலிங்கம் பெருந்தன்மையோடு. "சிரியும் தம்பி. பிறந்திருக்க மாட்டீர் அப்ப. சம்பந்தி, நீங்கள் ஸ்பீக்கர் கதையைக் கேளுங்கோ. கடையிலை விக்கிற ஸ்பீக்கர் என்ரை பேஸைத் தாங்கேல்லை. இறைச்சிக்கடை குளிரறையின்ரை கதவைக் கழட்டிக்கொண்டு வந்து நானே ஒண்டு செய்தன். முதல்நாள் போட்டன். கோப்பையிலை இருந்த தேத்தண்ணி நிமிந்து நிண்டுது. பக்கத்து வீட்டுக் கிழவனுக்குச் சூத்தைப்பல்லு ரெண்டு தானா விழுந்துது. ரெண்டாம்நாள் போட்டன். கட்டடம் மெல்ல நகர்ந்து மூண்டடி தள்ளிப் போய் நிண்டுது. கவுன்சில்காரர் வந்து அளந்து பாத்திட்டு, ஒண்டும் செய்ய ஏலாமல் தபால் இலக்கத்தை மாத்திவிட்டவை."

"மூண்டாம்நாள்?" என்றார் பூபாலப்பிள்ளை. அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. கோயிலில் பிரசங்கம் கேட்கிறவர் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு ஆள் வாய்த்தால் சொர்ணலிங்கத்துக்குக் கேட்கவா வேண்டும்! எழுந்தே நின்றுவிட்டார்.

"மூண்டாம்நாள் எங்கடை கோயில் தேர்! பக்தர் எல்லாரும் வடத்தைப் பிடிக்கக் குனியினம். நான் அங்கை மாடியிலை பேஸைத் திறந்தன். தேர் தன்ரை பாட்டிலை வெளிக்கிட்டு, ஒரு அடி வைச்சு, ஒரு அடியை விழுங்கி, நாலு வீதியும் சுத்திக்கொண்டு வந்திட்டுது. பின்னாலை ஐயர் தட்டத்தோடை ஓடுறார். ஒரு கற்பூரம் அணையேல்லை!"

"ஓடினவர் மூச்சு வாங்கி விழேல்லையே?" என்றான் தயாளன்.

"அவருக்கும் தாளம் பிடிச்சிட்டுது."

இதுவரை எல்லாம் சுகிர்தாவுக்குச் சந்தோஷம்தான். தேர் ஓடினால் ஓடட்டும், கட்டடம் நகர்ந்தால் நகரட்டும். ஆனால் சொர்ணலிங்கத்துக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. யன்னலுக்குப் போய்ச் சுவரொட்டியிலிருந்த பாட்டுப் பட்டியலில் விரலை வைத்தார்.

"இது என்ரை. இதிலை மேளம் என்ரை. இது, ரெண்டாம் தட்டிலை முதலாவது பாட்டு, இருக்கிறதுக்குள்ளை திறமான பாட்டு. இதை ஒரே இரவிலை, சோறு வேகிற நேரத்துக்குள்ளை செய்தன். ஆரோ மார்சியா எண்டு ஒரு பொம்பிளையின்ரை பேரைப் போட்டிருக்கினம். அதொரு வெறும் பேர். அப்பிடி ஒரு ஆள் இல்லை."

சுகிர்தாவின் சிரிப்பு நின்றது.

அந்தப் பாட்டுக்காகத்தான் அவள் மூன்று வருடம் அலைந்தாள். பழைய கசெட் ஒன்றில் பெயரில்லாமல் கிடந்த பாட்டு அது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒருவன் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் பெயரில் தட்டுப் போட்டு விற்றிருக்கிறான். செய்தவளுக்கு ஒரு பிரதிகூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவராக விசாரித்து, கடைசியில் லூட்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் மார்சியாவைக் கண்டுபிடித்தாள். கையில் கழுவிக்கொண்டிருந்த பெரிய சட்டியோடு நின்று அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "உண்மையாகவே என் பெயரைத்தான் போடுவாயா?"

சுகிர்தா கதிரையை ஒரே திருப்பாகத் திருப்பினாள். தயாளன் கத்தியை உயரத் தூக்கிக்கொண்டான்.

"அண்ணை," என்றாள். "அந்தப் பொம்பிளை இருக்கிறா. நான் அவவின்ரை வீட்டிலை சாப்பிட்டிருக்கிறன்."

தம்பி என்று நினைத்த ஆள் பெண்ணாக இருந்ததில் சொர்ணலிங்கத்துக்கு முதல் அடி. தயாளன் இரண்டாவதைக் கொடுத்தான். "இவதான் அண்ணை இந்தத் தட்டைப் போட்டவ. உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன்."

சுகிர்தா துணியோடு எழுந்துபோய், கொக்கியில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்தாள். அன்று காலைதான் வந்திருந்தது.

"அவவின்ரை பேரை ஒருத்தன் ஏற்கெனவே ஒருக்கால் அழிச்சுப்போட்டான். ரெண்டாம்தரம் நீங்கள் அழிக்க வேண்டாம். தேரை ஓட்டுங்கோ, கட்டடத்தைத் தள்ளுங்கோ, எனக்கு ஒண்டுமில்லை. இதிலை பன்னிரண்டு பேரின்ரை பேரும் இருக்கு. உங்கடை பேர் எங்கை? காட்டுங்கோ."

சொர்ணலிங்கம் உறையை வாங்கினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். சம்பந்தியைப் பார்க்கவில்லை. காது இரண்டும் சிவந்துவிட்டன.

"சரி, அந்தப் பாட்டு அவவின்ரைதான்," என்றார் மெதுவாக. அதுவே அவருக்குப் பெரிய காரியம். ஆனால் பின்னேரம் மகளின் கலியாணப் பேச்சு இருக்கிறது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது. தட்டுகளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். இரண்டாவது தட்டின் பின்பக்கத்தில் ஊசி ஓடுகிற வரி ஒன்றுகூட இல்லை. கண்ணாடி மாதிரி மொழுமொழுவென்று இருந்தது.

"இது என்ன பக்கம், பிள்ளை?"

"நாலாம் பக்கம். வெறுமை. பாட்டெல்லாம் மூண்டு பக்கத்திலை முடிஞ்சுது."

"வெறுமையோ!" சொர்ணலிங்கத்தின் முகத்தில் திரும்ப விளக்கு எரிந்தது. "உங்களுக்கு வெறுமை! சம்பந்தி, இதுதான் என்ரை பக்கம். என்ரை பேஸ் அவ்வளவு ஆழம். ஊசிக்கும் எட்டாது, மனுசக் காதுக்கும் எட்டாது. அதுதான் பேர் போடேல்லை. இந்தப் பக்கத்துக்கு எந்தப் பேர் போட்டாலும் அதிர்ந்து கொட்டுண்டு போகும்!"

தயாளன் கத்தியை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சுகிர்தாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு அடைத்துக்கொண்டது.

பூபாலப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அந்த வெறும் பக்கத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"எனக்கு இப்பதான் விளங்குது," என்றார். "தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, மார்கழி மாதம். லாசப்பலிலை என்ரை கடை. திடீரெண்டு ஒரு சத்தமும் கேக்கேல்லை."

"கேக்கேல்லையோ?"

"ஒண்டும் கேக்கேல்லை. அதுதான் எனக்குப் பயமா இருந்தது. பாத்தா, முட்டைப் பெட்டி ஆடுது. ஒரு பெட்டியிலை முந்நூற்றறுபது முட்டை. சேவலின்ரை முகமே காணாத கடைமுட்டை. எல்லாம் ஒரே நேரத்திலை பொரிச்சிட்டுது. முந்நூற்றறுபது குஞ்சும் வரிசையா இறங்கி, ஒரு அடி வைச்சு, ஒரு அடியை விழுங்கி, றோட்டைக் கடந்து நடந்து போச்சுதுகள். அந்த வம்சம் இப்பவும் என்ரை வளவிலை நிக்குது. நடை மாறேல்லை."

சொர்ணலிங்கம் வாயைத் திறந்தார். ட்ராஃபிக் நியூஸ்கூட வரவில்லை.

"இருபத்தைஞ்சு வருசமா இது ஆரின்ரை வேலை எண்டு தேடித் திரிஞ்சனான்," என்று பூபாலப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியிலை எனக்குச் சம்பந்தியாவே வாய்ச்சிருக்கிறியள்! கலியாணம் பாரிஸிலைதான். மேடையிலை உங்களை ஏத்துறன். பேப்பர்காரரைக் கூப்பிடுறன். கோழியளையும் கொண்டுவாறன். நீங்கள் அந்தக் குளிரறைக் கதவைக் கொண்டுவந்து, ஆயிரம் பேருக்கு முன்னாலை ஒருக்காப் போட்டுக் காட்டினாக் காணும்."

"பாரிஸிலையோ?" சொர்ணலிங்கத்தின் குரல் கீச்சிட்டது. "அங்கை எப்பிடி அண்ணை கேக்கும்?"

"கேக்கேல்லை எண்டுதானே சொல்லுறன். வந்து போட்டுக் காட்டுவன் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ, இண்டைக்கே மண்டபத்துக்குச் சொல்லுவம்."

சொர்ணலிங்கம் தயாளனைப் பார்த்தார். தயாளன் கூரையைப் பார்த்தான். சுகிர்தாவைப் பார்த்தார். அவள் தட்டை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஆயிரம் பேர், மேடை, பேப்பர்காரர், கோழிகள். மனிதர் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"அண்ணை, அது நானில்லை. எனக்கு ஏரியலும் தெரியாது, ஒரு இழவும் தெரியாது. அந்த வருசம் முழுக்க நான் குறொய்டனிலை ஒரு கடைக்குப் பின்னாலை நிண்டு கோழி பொரிச்சனான்."

பூபாலப்பிள்ளை அவர் கையை மெல்ல விட்டார்.

"ஓ," என்றார். "அதுதான் உங்கடை பேரைச் சொன்னவுடனை எங்கடை கோழியளெல்லாம் கட்டிலுக்குக் கீழை போனதுகள்."