இலையோரத்து உப்பு

திருப்பூவரசூர் பூவரசநாதர் கோயிலில், மடைப்பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஒரு கூரைச்சாய்ப்பு உண்டு. பொழுது புலரும் முன்பே அங்கே ஓர் அரிவாள்மணையும், அதன்மேல் குந்தியிருக்கும் ஒரு மெலிந்த உருவமும் வந்துவிடும். அவரே காடனார். சுவாமிக்கு ஆகும் காய்களைக் கழுவி, சீவி, நறுக்கிக் கொடுப்பது அவருடைய பணி. மடைப்பள்ளிக்குள் காலெடுத்து வைக்க அவருக்கு உரிமை கிடையாது. நறுக்கியதைச் சன்னல் வழியே நீட்டுவார். உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும்.

காய் அரிவாளில் அறுபடும் ஒவ்வொரு தடவையும் அவர் வாய் 'சிவாயநம' என்னும். ஒரு கூடை கத்தரிக்காய் முடிவதற்குள் ஆயிரத்தெட்டு ஆகிவிடும். வேறு செபமாலை அவரிடம் இருந்ததில்லை.

கூலியாக ஒரு நாழி அரிசி கிடைத்தது. கூடவே தோல், காம்பு, விதை, குடல் என்று மடைப்பள்ளி வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் அவருக்கே. மற்றவர் அதை மாட்டுக்குப் போடுவார்கள். காடனார் அதைத் துணியில் முடிந்து, தலைமேல் வைத்து, மகாராசன் கொடுத்த பரிசுபோல் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

ஏனென்றால் அவர் ஒரு நோன்பு பூண்டிருந்தார். நாள்தோறும் உச்சிப்பொழுதில் ஓர் அடியாரை அழைத்து அமுது செய்விப்பார். அடியார் உண்ணாத வரையில் அவரும் உண்ணமாட்டார், மனைவி சேந்தியாரும் உண்ணமாட்டார். பதினெட்டு ஆண்டுகளில் அந்த நோன்பு ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அந்தக் குடிசையில் இருந்தவை சோற்றுக்கு ஒரு பானை, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே மண்சட்டி, ஓர் அம்மி, கொட்டாங்கச்சி அகப்பை. இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அவர் செய்ததைப் பார்த்தால் பெரிய வீட்டுச் சமையற்காரர்கள் வெட்கப்பட வேண்டும். வெறுஞ்சட்டியில் முதலில் எள்ளை வறுப்பார். அதை எடுத்ததும் அதே சூட்டில் பீர்க்கங்காய்த் தோலை வதக்குவார். இரண்டும் புளியோடு அம்மியில் ஏறித் துவையலாகும். சட்டியைக் கழுவமாட்டார். ஒட்டியிருக்கும் எள் மணத்தோடு வாழைக்காய்த் தோல் அதில் விழும். புல்லைப்போல் மெல்லிசாக, ஒன்றுக்கொன்று நீளம் மாறாமல் நறுக்கியிருப்பார். அது மிளகும் தேங்காய்ப்பூவும் தூவிய பொரியலாக இறங்கும். கடைசியில் அதே சட்டியில் அரிசி களைந்த நீரை ஊற்றி, பூசணிக் குடலையும் கீரைத்தண்டையும் போட்டுக் குழம்பு கொதிக்க விடுவார். பூசணி விதையை உரித்து வறுத்து மேலே தூவுவார். இலையைத் துடைத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைத்தால், இது ஏழை வீட்டு இலை என்று சத்தியம் செய்து சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. அடியாருக்கு இடும் உணவை அவர் ஒரு துளிகூட நாக்கில் வைத்துப் பார்த்தது இல்லை. அடியார் உண்ணுமுன் தாம் சுவைத்தால் அது எச்சில் ஆகிவிடும் அல்லவா? கொதிக்கும் சட்டியின் ஆவியை மூக்கால் இழுப்பார், கண்ணை மூடுவார், உப்பைக் கிள்ளிப் போடுவார். அவ்வளவுதான். உப்பு ஒரு கல் கூடியதில்லை, ஒரு கல் குறைந்ததும் இல்லை.

மடைப்பள்ளித் தலைவர் பெயர் அம்பலவர். கை நிறைய நெய், வாய் நிறையப் பேச்சு. கெட்ட மனிதர் அல்லர், தம் சமையலைத் தவிர வேறொன்றை யாரும் புகழ்ந்தால் அவருக்குப் பொறுக்காது. காடனாருக்குத் 'தோல்சோற்றார்' என்று பெயர் வைத்தவர் அவர்தாம்.

"என்னய்யா தோல்சோற்றாரே, மூட்டை இன்னிக்குக் கனமா இருக்கே! குப்பை எல்லாம் அமுதா மாறப் போகுதோ?" என்று சன்னல் வழியே சிரிப்பார்.

"குப்பைன்னு சொல்லாதீங்க சாமி. காயைப் படைச்சவருதானே தோலையும் படைச்சாரு" என்பார் காடனார். சொல்லிவிட்டு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

சிரிப்போடு போயிருந்தால் நல்லது. ஒருநாள் கோயில் விருந்தில், அம்பலவர் முன்னிலையிலேயே ஓர் அடியார், "பொங்கல் நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் காடனார் வீட்டுப் பீர்க்கந்தோல் துவையல் நாக்கை விட்டுப் போகமாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டார். நாற்பது அண்டா வைத்து ஆண்ட மனிதருக்கு அது முள்ளாகத் தைத்தது. மறுநாளே அம்பலவர் ஊர்ச்சபையைக் கூட்டினார்.

"ஒரு நாள் சரியா வரலாம், ரெண்டு நாள் வரலாம். பதினெட்டு வருஷமா உப்பு ஒரு கல் பிசகலைன்னா என்ன அர்த்தம்? நாக்குல வச்சுப் பார்க்காம இது நடக்குமா? இந்த ஆளு எச்சில் சோத்தை அடியார்க்குப் போடுறான்!"

சபையே திடுக்கிட்டது. காடனாரை அழைத்துக் கேட்டார்கள்.

"மணத்துலயே தெரியும் ஐயா" என்றார் காடனார், கைகட்டி நின்று. "உப்பு ஏறாத கொழம்புக்கு ஒரு பச்சை வாடை இருக்கும். ஏறினதும் அது அடங்கிடும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சபைப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தீர்ப்புச் சொன்னார்: நாளை கார்த்திகைச் சோமவாரம், ஊரெல்லாம் கோயிலில் இருக்கும். வெளி மண்டபத்தில், எல்லோர் கண்ணெதிரே, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு காடனார் சமைக்க வேண்டும். உப்புச் சரியாக இருந்தால் பழி நீங்கும். பிசகினால் ஊரை விட்டுப் போக வேண்டும். இனி எந்த ஊரிலும் ஓர் அடியாருக்கும் அவர் சோறிடக் கூடாது. காடனார் பூவரசநாதரை நோக்கிக் கும்பிட்டுச் சம்மதித்தார்.

அடியார் உண்ணாமல் தாம் உண்ணாதவருக்கு அந்தத் தண்டனை எதில் கொண்டுபோய் விடும் என்பதைச் சபையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சேந்தியார் யோசித்தார். அது பட்டினியில்தான் முடியும் என்று அவருக்குத் தெரிந்தது.

காடனார் அன்று மாலை ஒரு காரியம் செய்தார். அவரைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். நாளைய சமையல் ஊர் முன்னால் ஈசனுக்குச் செய்யும் பூசை, அதற்கு ஒரு முழுக்குப் போதாது என்று எண்ணிக் கார்த்திகை மழையில் கோயில் குளத்தில் மூன்று முழுக்குப் போட்டார். மனம் ஆறாமல் விடியலில் மீண்டும் மூன்று போட்டார். மூக்கை நம்பிப் பிழைக்கிறவர் அந்த மூக்கை மறந்தே போனார்! ஈரத்தோடு வீட்டுக்கு வந்தவர் தும்மத் தொடங்கினார்.

"ஒரு முழுக்குப் போதாதா உங்களுக்கு? ஆறு முழுக்குப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே!" என்று தலையைத் துவட்டிவிட்ட சேந்தியார், சட்டென்று நிறுத்தினார். ஓடிப்போய்ப் பெருங்காயக் கட்டியை எடுத்து வந்து அவர் மூக்கருகே பிடித்தார்.

"தெரியுதா?"

காடனார் இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியல சேந்தி."

சேந்தியார் சுக்கும் மிளகும் துளசியும் காய்ச்சிக் கொடுத்தார். ஆவி பிடிக்க வைத்தார். மூக்கு திறக்கவே இல்லை. உச்சிப்பொழுதுக்கு இன்னும் இரண்டு நாழிகைதான் இருந்தது. சேந்தியார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் பக்கத்துல நிக்கிறேன். எனக்கு மணம் தெரியும். போதும்னா முந்தானையைச் சரி பண்ணுறேன், இன்னும் வேணும்னா சும்மா இருக்கேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"ஊருக்குத் தெரியாது. ஆனா இன்னிக்கு என் இலையில உட்கார வர்றவருக்குத் தெரியுமே" என்றார் காடனார். அப்படிச் சொன்னவர், சுவரில் சாய்ந்து குழந்தைபோல் அழுதார். ஊரை விட்டுப் போவதற்காக அவர் அழவில்லை. நாளை உச்சிப்பொழுதில் தம் கையால் பசியாற ஒருவரும் வரமாட்டாரே என்பதுதான் அவரை உடைத்தது.

மண்டபத்தில் கூட்டம் நெருக்கியது. அம்பலவர் பட்டு மேல்துண்டோடு முன்வரிசையில் நின்றார். உள்ளே அவர் சமைத்த நாற்பது வகைப் பிரசாதமும் சன்னிதியில் வைக்கப்பட்டு, திரை போட்டாகிவிட்டது. வெளியே காடனார் மூட்டையை அவிழ்த்தார். வாயைத் துணியால் கட்டிவிட்டார்கள். மூக்கும் அடைப்பு, வாயும் கட்டு. மூச்சு விடவே அவர் திணறினார். ஆனாலும் கை மட்டும் தன் வேலையை மறக்கவில்லை. எள் வறுபட்டது, தோல் வதங்கியது, பொரியல் இறங்கியது, குழம்பு கொதித்தது. உப்பு ஒன்றுதான் மிச்சம்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, உடம்பெல்லாம் மழை, கையில் ஓட்டைத் தாழங்குடை.

"ரொம்பப் பசிக்குதப்பா. வாசம் தெரு முனை வரைக்கும் வந்து இழுத்துச்சு. சீக்கிரம் போடு" என்று சொல்லி, யாரும் அழைக்கும் முன்னரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தம் சமையலின் வாசத்தை அடுத்தவர் சொல்லிக் கேட்கும் நிலை காடனாருக்கு அன்றுதான் வந்தது. இலையைப் போட்டார். உப்பை அள்ளினார். சட்டியின்மேல் நீட்டிய கை அப்படியே நின்றது. குத்துமதிப்பாகப் போட்டால் தாம் பிழைத்துக்கொள்ளலாம். தப்பினால் பசித்து வந்தவர் வாய் கெட்டுப்போகுமே! ஒரு கணம் பூவரசநாதரை நினைத்தார். பிறகு கையிலிருந்த உப்பைத் திரும்பவும் மரக்கிண்ணத்தில் கொட்டிவிட்டு, வாய்க்கட்டை அவிழ்த்தார்.

"சபைக்கு என் கும்பிடு. எனக்கு மூக்கு அடைச்சிருக்கு. இன்னிக்கு உப்பு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்க மாட்டேன். நான் தோத்தது தோத்ததுதான். ஆனா இவரு பசியோட உட்கார்ந்திருக்காரு. இவருக்குப் போட்டுட்டு நான் ஊரை விட்டுப் போறேன்."

அம்பலவர், "ஒத்துக்கிட்டான் பாருங்க!" என்று கைகொட்டினார்.

காடனார் அதைக் காதில் வாங்கவில்லை. உப்பில்லாத சோறும், உப்பில்லாத பொரியலும், துவையலும், குழம்பும் இலையில் அழகாக இட்டார். இலையின் இடது ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தார். "எதுலயும் உப்பு போடல ஐயா. வேணுங்கிற அளவு தொட்டுக்குங்க. மன்னிக்கணும்."

கிழவர் தலையைக்கூட ஆட்டவில்லை. சோற்றைக் குழப்பிச் சாப்பிடத் தொடங்கினார். துவையலை வழித்தார். பொரியலை இன்னொரு முறை வாங்கினார். பூசணி விதையைத் தேடித்தேடிக் கடித்தார். இலையோரத்து உப்பை மட்டும் தொடவேயில்லை.

"ஐயா, உப்பு..." என்றார் காடனார்.

"எதுக்கப்பா? எல்லாம் கணக்காத்தானே இருக்கு."

தம் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறார் என்றே காடனார் நினைத்தார், கண் கலங்கிற்று. கிழவரோ பாதி உண்டதும் எழுந்து, இலையை இரு கையாலும் ஏந்திக்கொண்டு, "மிச்சத்தை வீட்டுல வச்சுச் சாப்பிடுறேன்" என்று கோயிலுக்குள் நடந்தார்.

"கோயிலுக்குள்ள இவருக்கு ஏது வீடு? கிழவருக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்று அம்பலவர் சிரித்து முடிப்பதற்குள், உள்ளே மணி அடித்துத் திரை விலகியது. அர்ச்சகர் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். ஈரக் காலடிகள் கருவறை வரை போயிருந்தன, அதற்கப்புறம் இல்லை. இலிங்கத்தின் முன், நாற்பது வகைப் பிரசாதத்தையும் ஒதுக்கிவிட்டு, நடுவே ஒரு வாழையிலை இருந்தது. அதில் வாழைக்காய்த் தோல் பொரியல் கொஞ்சம், துவையல் கொஞ்சம். ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு, வைத்தது வைத்தபடி.

அதன்பின் அண்டாக்களிலிருந்து பிரசாதம் வாங்கியவர்கள் முகத்தைச் சுளிக்கத் தொடங்கினார்கள். பொங்கலில் உப்பில்லை. புளியோதரையில் உப்பில்லை. நாற்பதிலும் இல்லை. "என் கையாலதானே அள்ளிப் போட்டேன்!" என்று அம்பலவர் அண்டா அண்டாவாக ஓடினார். சபைப் பெரியவர் காடனாரின் மண்சட்டியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் கண்கள் விரிந்தன. "கணக்கா இருக்கு" என்றார்.

அப்போது கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது:

"அம்பலவா, உன் அண்டாக்களின் உப்பை எடுத்தவர் நாமே. நம் அன்பன் நாவில் வையாமலும் பொய் சொல்லாமலும் நமக்கு அமுது படைத்தான். அதில் உப்பிட ஒருவர் வேண்டியிருந்தது. அந்த வேலையை நாம் செய்தோம்."

ஊர் முழுவதும் தரையில் விழுந்தது. அம்பலவர் காடனாரின் காலில் விழுந்து கதறினார். அவரைத் தூக்கப் போன காடனாருக்குப் பெருந்தும்மல் ஒன்று வந்தது. மூக்கு திறந்துகொண்டது! கற்பூரம், நெய், மழை நனைத்த மண், எல்லாவற்றுக்கும் மேலே உப்பு ஏறிப் பச்சை வாடை அடங்கிய தம் குழம்பின் மணம். சேந்தியார் சிரித்துக்கொண்டே அழுதார்.

அழுகை ஓய்ந்ததும் அம்பலவர் நாற்பது அண்டாவையும் பார்த்தார். "எல்லாம் பாழாப் போச்சு. கொண்டுபோய்க் கொட்டுங்க" என்றார்.

"ஐயையோ, கொட்டாதீங்க!" என்று பதறினார் காடனார். "சோத்தை யாராச்சும் கொட்டுவாங்களா? கொஞ்சம் உப்பு கொடுங்க."

அம்பலவர் அவர் கையைப் பிடித்து, பதினெட்டு ஆண்டுகளாகச் சன்னலோடு நின்றவரை வாசல் வழியே மடைப்பள்ளிக்குள் அழைத்துப்போனார். அண்டாக்கள் மீண்டும் அடுப்பேறின. காடனார் வாயைத் தாமே கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அண்டாவின் ஆவியையும் முகர்ந்து, கண்ணை மூடி, 'சிவாயநம' என்று நினைத்து உப்பிட்டார். ஊரெல்லாம் உட்கார்ந்து உண்டது. முதல் இலையில் அம்பலவரே பீர்க்கந்தோல் துவையலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லோரும் எழுந்த பிறகு காடனாரும் சேந்தியாரும் ஒரே இலையில் உண்டார்கள்.

இன்றும் பூவரசநாதருக்கு உச்சிக்காலத்தில் தோல் துவையல்தான் முதல் நிவேதனம். இலையோரத்தில் ஒரு சிட்டிகை உப்பும் வைப்பார்கள். ஊர் தள்ளியதை ஈசன் கேட்டுண்ணும்படி சமைத்த காடனாரின் கையை நினைத்தால், நம் வீட்டு அடுப்படியும் கோயிலாகும்.