பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல்வலி

ஆம்பலூர் ராஜா மருதக்கோனுக்குப் புலியைக் கண்டால் பயம் கிடையாது. பல் பிடுங்கும் வைத்தியரைக் கண்டால்தான் பயம்! அது ராஜ ரகசியம். அதை மூடி மறைத்துக்கொண்டு அவர் ஆண்டுவந்த காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்து, கரையோரத்து ஊரையே வாரிக்கொண்டு போய்விட்டது.

ராஜா நல்லவர். கஞ்சித்தொட்டி திறந்தார். வீடு கட்ட மூங்கில் கொடுத்தார். பிரமை பிடித்து உட்கார்ந்திருந்த ஜனங்களைத் தேற்ற ஆட்களைப் பழக்கும்படி, கடல் கடந்து வந்திருந்த வித்யாதர பண்டிதரிடம் சொன்னார்.

பண்டிதர் கற்றுக்கொடுத்த முறை இதுதான். ஆளைத் தனியறையில் உட்கார வை. கதவைச் சாத்து. கண்ணுக்குக் கண் பார். "உன் மனதில் என்ன துயரம்?" என்று கேள்.

நம்ம ஜனங்களிடம் இது பலிக்குமா? கதவைச் சாத்தியதுமே, "ஐயையோ, நான் எதையும் திருடலீங்க!" என்று பாதிப்பேர் ஓடிவிட்டார்கள். மீதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கோம்" என்றார்கள்.

பண்டிதர் துள்ளிக்கொண்டு சபைக்கு வந்தார். "மகாராஜா! ஊரில் ஒருவருக்கும் துயரம் இல்லை. அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள்!"

"அப்படியானால் நாளையோடு கஞ்சித்தொட்டியை மூடிவிடு. மூங்கிலையும் நிறுத்து," என்றார் ராஜா. சபையைச் சீக்கிரம் கலைத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஆறுதல் சொல்லப் பழகிய செங்கமலம் பதறிப்போனாள். அவளும் அந்த ஊர்க்காரிதான். ராஜாவின் விகடமந்திரி வேம்பனிடம் ஓடி, "ஐயா, தொட்டியை மூடினா எங்க சனம் செத்துப்போகும். ஏதாச்சும் செய்யுங்க!" என்றாள்.

வேம்பன் ராஜாவைப் பார்த்தான். இடது கன்னம் பணியாரம்போல் உப்பியிருந்தது. தட்டில் முறுக்கு அப்படியே இருந்தது. முறுக்குத் தின்பதற்காகப் போரையே நிறுத்திவைத்தவர் ராஜா!

"மகாராஜா, பண்டிதர் தம் முறையைத் தங்களிடமே ஒருமுறை செய்து காட்டட்டுமே," என்றான்.

பண்டிதர் எதிரே உட்கார்ந்து கண்ணுக்குக் கண் பார்த்தார். "தங்களுக்கு என்ன துயரம்?"

"எனக்கா? ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்!"

"பார்த்தீரா?" என்று பண்டிதர் பூரித்தார்.

வேம்பன் சமையல்கட்டிலிருந்து ஒரு கூடை மொச்சை வரவழைத்தான். ராஜாவின் காலடியில் சம்மணம் போட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உரிக்க ஆரம்பித்தான். ராஜா கையிலும் ஒரு பிடி கொடுத்தான். அவரும் உரித்தார்.

"என்னத்தைச் சொல்ல மகாராஜா, எங்க பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல்வலி. சிங்கம் மாதிரி மனுஷன், ராத்திரியெல்லாம் தலையணையைக் கடிக்கிறார்."

"கடிக்க முடிகிறதா? கொடுத்துவைத்தவர்!" என்றார் ராஜா. "இடது பக்கமா?"

"ஆமாம்."

"காதுக்குள் விண்விண்ணென்று தெறிக்குமே?"

"தெறிக்குதாம். கிராம்பு வைக்கச் சொன்னேன்."

"வைக்காதே! எரிச்சல்தான் மிச்சம். கஞ்சி குடித்தால்கூட உயிர் போகிறது. அதுவும் பட்டத்துராணிக்குத் தெரியாமல் அழ வேண்டியிருக்கிறதே, வேம்பா!"

வேம்பன் மெல்லக் கேட்டான்: "பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏது மகாராஜா பட்டத்துராணி?"

ராஜா விழித்தார். பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஹா... ஆ... ஐயோ... ஹா!" என்று சிரித்தார். சபையே உருண்டது.

"எதிரே உட்கார்ந்து கேட்டால் தங்களுக்கே ஒன்றுமில்லை. வீட்டைப் பறிகொடுத்தவன் மட்டும் சொல்லிவிடுவானா? நம்ம ஊரில் சொந்தத் துக்கம் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கும், மகாராஜா."

"தொட்டியை மூடாதே!" என்று ராஜா கத்தினார். "இனி ஆட்களைப் பழக்குவது வேம்பன். பண்டிதரும் மொச்சை உரிக்கக் கற்றுக்கொள்ளட்டும்!"

பண்டிதர் அப்போதே கூடைப் பக்கம் நகர்ந்து வந்தார். "வேம்பரே, என் நண்பர் ஒருவருக்கு இந்த ஊர்க் காரம் ஒத்துக்கொள்ளாமல் வயிறு..."

மறுநாள் செங்கமலமும் மற்றவர்களும் கதவைத் திறந்துவிட்டு, ஆற்றங்கரையில் ஜனங்களோடு உட்கார்ந்து வலை பின்னினார்கள், கீரை ஆய்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரிலிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வாய்விட்டு அழுதுவிட்டார்கள். அன்றிரவு பலர் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

பல்லைப் பிடுங்கிக்கொண்ட ராஜா வேம்பனை அழைத்தார். "உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"எனக்கா? ஒன்றுமில்லை மகாராஜா. நன்றாகத்தான் இருக்கிறேன்!" வேம்பன் மடியிலிருந்து ஒரு மொச்சையை எடுத்து உரித்தான். "ஆனால் எங்க பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன் இருக்கிறான். மழை வந்தால் அவன் கூரை ஒழுகுது."

ராஜா பல் போன ஓட்டை தெரியச் சிரித்தார். வேம்பன் வீட்டுக்கு இந்தப் பக்கம் குளம், அந்தப் பக்கம் குதிரை லாயம் என்று அவருக்குத் தெரியாதா என்ன!