கழுகுகளை விரட்டிய புள்ளிமான்

மலையடிவாரத்தில் ஒரு காடு இருந்தது. மழை பெய்யும் மாதங்களில் அங்கே ஓடைக்குக் குறைவில்லை. கோடை வந்துவிட்டால் எல்லாம் வற்றிப்போய், ஒரே ஒரு குட்டையில் மட்டும் தண்ணீர் மிஞ்சும். யானையானாலும் முயலானாலும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

அந்தக் காட்டில் மருளி என்று ஒரு புள்ளிமான் வாழ்ந்தது. பயம் என்றால் அதற்கு அப்படி ஒரு பயம்! சருகு அசைந்தால் காது நிமிரும். காது நிமிர்ந்த மறுநொடி கால் ஓடத் தொடங்கிவிடும். அந்த ஆண்டு அதற்கு ஒரு குட்டியும் பிறந்திருந்தது. பிறகு கேட்க வேண்டுமா?

குட்டைக் கரையில் உயரமான மருத மரம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் பிணம் தின்னும் கழுகுகள் கூடு கட்டியிருந்தன. மொட்டைக் கழுத்தும் வளைந்த அலகுமாக, கூன் போட்டு உட்கார்ந்தபடி அவை கீழே பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் காலை மருளியும் குட்டியும் தண்ணீர் குடிக்க வந்தபோது, எதிர்க்கரையிலிருந்து நரி குரல் கொடுத்தது.

“மருளி, குட்டி நலமா?”

“நலம்தான். ஏன் கேட்கிறாய்?”

“ஒன்றுமில்லை. அந்தக் கழுகுகள் மூன்று நாளாக உன் குட்டியையே பார்க்கின்றன. அவை எதைப் பார்க்கும் என்று உனக்குத் தெரியாதா? சாகப் போவதைத்தான் பார்க்கும்.”

மருளி சட்டென்று குட்டியை மறைத்து நின்றது.

“ஐயோ, நான் என்ன செய்வேன்?”

“மரம் ஏறத் தெரிந்தவர்களிடம் சொல்லிப் பாரேன்” என்றது நரி.

மருளி அப்போதே குரங்குகளிடம் ஓடியது. குரங்குக் கூட்டத்தின் தலைவனுக்கு யோசிக்கும் வழக்கமே கிடையாது. “கூட்டைக் கலைக்க வேண்டும், அவ்வளவுதானே?” என்று கேட்டுவிட்டு, கூட்டத்தோடு மருத மரத்தில் தாவி ஏறியது.

சுள்ளிகள் சடசடவென்று கொட்டின. வெள்ளையாக ஏதோ ஒன்று வேரின்மேல் விழுந்து உடைந்தது. மருளி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கழுகுகள் மரத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு மலை உச்சிப் பாறைகளை நோக்கிப் பறந்து போய்விட்டன.

“இனி ஒரு கழுகு இந்தக் கரையில் இறங்கட்டும், பார்க்கிறேன்!” என்றது குரங்குத் தலைவன். அன்று முதல் குரங்குகள் அந்த மரத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தன. மருளி நிம்மதியாகத் தூங்கியது.

பத்து நாள் கழித்து, ஒரு கிழட்டுக் காட்டெருமை தண்ணீர் குடிக்க வந்த இடத்திலேயே செத்து விழுந்தது. அதன் தலையும் முன்கால்களும் குட்டைக்குள் கிடந்தன.

முதல் நாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் அதன் வயிறு ஊதியது. மூன்றாம் நாள் நாற்றம் காடெங்கும் பரவியது. ஈக்கள் கருமேகம் போல மொய்த்தன. தண்ணீரின் மேல் வழவழவென்று ஏடு படிந்தது.

யானைகள் வந்தன, துதிக்கையை நீட்டி மோந்தன, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் மலையைத் தாண்டிப் போய்விட்டன. காட்டுப்பன்றிகள் குடித்தன. மறுநாள் இரண்டு பன்றிகள் எழுந்திருக்கவில்லை.

“அம்மா, தாகம்” என்றது குட்டி.

“பொறு கண்ணே. அந்தத் தண்ணீரில் மட்டும் வாய் வைக்காதே.”

மருளிக்கே நாக்கு வறண்டிருந்தது. தன்னிடம் சுரக்கும் பாலும் குறைந்துவிட்டது அதற்குத் தெரிந்தது. யானை போல மலையைத் தாண்டலாம் என்றால் குட்டிக்கு அவ்வளவு தூரம் கால் நடக்காது. குட்டியைப் புதரில் நிறுத்திவிட்டு, கரையில் இருந்த நரியிடம் போனது.

“நரியாரே, இதைத் தின்று முடிக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்?”

“முடிப்பதா? எதற்கு முடிக்க வேண்டும்?” என்று நரி வாயை நக்கிக்கொண்டது. “முன்பெல்லாம் நான் வந்து சேர்வதற்குள் அந்தக் கழுகுகள் எலும்பைத்தான் மிச்சம் வைக்கும். இப்போது பார், எல்லாம் எனக்கே! மழைக்காலம் வரை கவலையில்லை.”

மருளிக்கு அப்போதுதான் புரிந்தது. ‘என் குட்டிக்காகவா இது சொன்னது? தன் வயிற்றுக்காக அல்லவா என்னை ஏவிவிட்டது!’

அது புதருக்குத் திரும்பி ஓடியது. குட்டியின் வாய் ஈரமாக இருந்தது.

“கொஞ்சம்தான் குடித்தேன், அம்மா” என்றது குட்டி.

நண்பகலுக்குள் குட்டியின் கால்கள் மடங்கிவிட்டன. கண்ணைத் திறக்கவும் அதனால் முடியவில்லை. மருளி அதன்மேல் சருகைத் தள்ளி மறைத்தது. விட்டுப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். இரண்டு முறை திரும்பி வந்து பார்த்துவிட்டு, மூன்றாம் முறை திரும்பாமல் மலைமேல் ஏறியது.

உச்சிப் பாறையில் பெட்டைக் கழுகு உட்கார்ந்திருந்தது. மருளி மூச்சிரைக்க அதன் முன்னே போய் நின்றது.

“உங்கள் கூட்டைக் கலைக்கச் சொன்னது நான்தான்” என்றது.

“தெரியும். குரங்குகள் உன் பெயரைச் சொல்லித்தான் கிளையை உலுக்கின.”

“நீங்கள் என் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாமே?”

“உன் குட்டியை மட்டுமா? காடு முழுவதையும்தான் பார்ப்போம். எது செத்து விழுந்தாலும், அது அழுகுவதற்குள் போய்ச் சேர வேண்டாமா? உயிருள்ளதைப் பிடித்துத் தூக்க எங்கள் காலில் பலம் கிடையாது.”

“அப்படியானால் அந்தக் காட்டெருமையை...”

“செத்த அன்றைக்கே பார்த்தோம். இரண்டு முறை இறங்கியும் பார்த்தோம். குரங்குகள் கல்லால் அடித்தன. வயிறு நிறையத் தின்றபின் எங்களால் சட்டென்று எழும்ப முடியாது. அடிபட்டுச் சாக வேண்டியதுதான்.”

“இப்போது அழுகிவிட்டதே. தின்றால் உங்களுக்கு ஒன்றும் ஆகாதா?”

“எங்கள் வயிறு அதற்கென்றே அமைந்தது.”

“குரங்குகளிடம் நான் பேசுகிறேன். வருவீர்களா?”

கழுகு கீழே தெரிந்த மருத மரத்தைப் பார்த்தது.

“எனக்கு ஆண்டுக்கு ஒரு முட்டைதான்” என்றது.

மருளியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“உனக்காக வரவில்லை. எங்களுக்குப் பசிக்கிறது. முதலில் நீ போய் வழியைத் திற” என்றது கழுகு.

மருளி கீழே பாய்ந்து வந்தது. குரங்குத் தலைவன் கையில் கல்லோடு உட்கார்ந்திருந்தது.

“கழுகுகள் வருகின்றன. விட்டுவிடுங்கள்” என்றது மருளி.

“விரட்டச் சொன்னதே நீதானே?”

“நான்தான் சொன்னேன். தப்பாகச் சொல்லிவிட்டேன். உங்கள் கூட்டத்தில் எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள், பாருங்கள்.”

தலைவன் திரும்பிப் பார்த்தது. கீழ்க்கிளையில் மூன்று குரங்குகள் சுருண்டு கிடந்தன. அது முதன்முறையாகக் கொஞ்சம் யோசித்தது. கையிலிருந்த கல் நழுவித் தரையில் விழுந்தது.

முதலில் ஒரு கழுகு இறங்கியது. அதன் பின்னால் பத்து, பிறகு நாற்பது. “இது என்னுடையது! என்னுடையது!” என்று நரி கத்தியது. சிறகடிப்பில் அதன் குரல் யாருக்கும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கரையில் கொம்பும் எலும்பும்தான் கிடந்தன.

ஆனாலும் தண்ணீர் உடனே தெளிந்துவிடவில்லை. குரங்குகள் மலைச்சரிவின் அத்தி மரத்திலிருந்து பழங்களை உதிர்த்துப் போட்டன. மருளி அவற்றைத் தின்று, அதில் ஊறிய பாலைக் குட்டிக்குக் கொடுத்தது. நான்காம் நாள் கோடை மழை கொட்டியது. குட்டை நிரம்பி வழிந்து, அழுக்கை அடித்துக்கொண்டு ஓடியது. ஐந்தாம் நாள் குட்டி தள்ளாடி எழுந்து நின்றது.

பன்றிகள் இரண்டும் பிழைக்கவில்லை. அவற்றைத் தின்னக் கழுகுகள் வந்தபோது குரங்குகள் ஒதுங்கி வழிவிட்டன. நரி வந்து சேர்வதற்குள் எலும்புதான் மிஞ்சியது.

அந்த ஆண்டு பெட்டைக் கழுகுக்குக் குஞ்சு இல்லை. இன்னொரு முட்டைக்கு அது அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீதி: பயந்துபோய் ஒருவரை விரட்டுவதற்கு முன், அவர் செய்துவந்த வேலையை இனி யார் செய்வார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.