நாலு பித்தளைப் பூ

மலை மேல ஒரு மடம். அங்க குரங்குங்க தொல்லை தாங்காது. டப்பா, ஜன்னல், சமையக்கட்டுன்னு எதையும் விட்டு வைக்காது. அதனால மருந்தெல்லாம் ஒரு பழைய இரும்பு பீரோவுக்குள்ளதான்.

அந்த பீரோவுல சாவித் துவாரமே கிடையாது! கதவுல நாலு பித்தளைப் பூ, அவ்வளவுதான். எதுக்கு அப்புறம் எதைத் திருப்பணும்னு மருந்து பாத்துக்கிற டாக்டர் சாமிக்கு மட்டும்தான் தெரியும். அவரோ கீழ ஊருக்குப் போயிருந்தார். மழையில பாலம் முழுகிப் போச்சு. போனும் கிடைக்கல.

அன்னைக்குப் பாத்துதான் சமையக்காரம்மா அஞ்சலையோட பொண்ணு பொன்னிக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. வாயில வெச்சு அடிக்கிற பம்பு பீரோவுக்குள்ள!

தாண்டவம்னு ஒரு சீடர், நல்ல பலசாலி. கடப்பாரையை வெச்சு நெம்பினார். கதவு அசையல. அவர் கைதான் கிழிஞ்சுது.

“நான் பாக்கட்டுமா?”

கூட்டத்துக்குப் பின்னாடி செங்கோடன். மடத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துவார், யார்கிட்டயும் பேச மாட்டார்.

பீரோ முன்னாடி உக்காந்து கதவுல காதை வெச்சார். முழங்காலால கதவை லேசா உள்ள அழுத்திக்கிட்டே ஒரு பூவை ரெண்டு விரலால நகத்தினார். உள்ள ‘டொக்’னு ஒரு சத்தம்.

“அடேங்கப்பா, கை என்னமா போகுது!” தாண்டவம் சிரிச்சார். “அண்ணே, இதுக்கு முன்னாடி எத்தனை வீட்டு பீரோவைத் திறந்திருக்கீங்க?”

சும்மா கிண்டல்தான். ஆனா செங்கோடன் முகம் வெளுத்துப் போச்சு. கையை வெடுக்குன்னு எடுத்துட்டார். நகத்தின பூ வழுக்கிப் பழைய இடத்துக்கே போயிருச்சு.

“என்னால முடியாது”ன்னு எழுந்தார்.

“ஐயோ, அண்ணே!” அஞ்சலை கத்தினாங்க. “இப்பதானே ஒண்ணு விழுந்துச்சு! இங்க பாருங்க, புள்ளைக்கு உதடு நீலமாவுது!”

செங்கோடன் குருவைப் பாத்தார். குரு செண்பகம்மா, அவரை விட வயசுல சின்னவங்க. அவங்க கூட்டத்தைப் பாத்தாங்க.

“எல்லாரும் செவுத்தைப் பாத்துத் திரும்பி நில்லுங்க”ன்னாங்க.

“எதுக்கும்மா?”

“திரும்புங்க, தாண்டவம்.”

எல்லாரும் திரும்பினாங்க. குருவும் திரும்பிக்கிட்டாங்க.

பொன்னி மூச்சு இழுக்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் ஒரு டொக். இன்னொண்ணு. திடீர்னு நகத்தின பூவெல்லாம் கடகடன்னு பழைய இடத்துக்கே சரியற சத்தம். தாண்டவம் கழுத்து மெல்லத் திரும்பப் பாத்துச்சு. குரு அவர் தோள்ல கையை வெச்சாங்க.

மறுபடி முதல்ல இருந்து. டொக். டொக். டொக். ரொம்ப நேரம் சத்தமே இல்ல.

டொக்.

கதவு கிறீச்சுன்னு திறந்துச்சு.

பம்பை அடிச்ச கொஞ்ச நேரத்துல பொன்னிக்கு மூச்சு நிதானமாச்சு. சாயங்காலம் எழுந்து உக்காந்து தோசை கேட்டா.

செங்கோடன் துணி மூட்டையோட குரு முன்னாடி வந்து நின்னார்.

“நான் கிளம்பறேன், தாயி.”

“பாலம் முழுகிக் கிடக்கே?”

“தண்ணி வடியற வரைக்கும் கரையில உக்காந்திருக்கேன்.”

“எதுக்குக் கிளம்பறீங்க?”

செங்கோடன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். “இது என்ன வேலை பாத்த கைன்னு இன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சே.”

“எனக்கு எப்படிண்ணே தெரியும்?”ன்னாங்க குரு. “நான்தான் திரும்பி நின்னேனே!”